கண்டி வனத்தின் சுதேச விருட்சங்கள்

தலதா மாளிகையின் பின்புறத்தே எழுந்து நிற்கும் குன்றின்மேல் படர்ந்துள்ள உடவத்தகெலே வனத்தைக் கண்டி வாவியின் மறுகரையில் நின்று நோக்குபவருக்கு, அது அடி முதல் முடி வரை ஒரே பசுமையான, பகுத்துக் காண இயலாத ஒரு திரளாகவே தோற்றும். மழை பெய்து ஓய்ந்த காலை வேளைகளில் அத்திரளின்மீது மூடுபனி தவழும்போது, மனிதர் கை படாத ஆதிவனம் ஒன்று நகரத்தின் நடுவே தப்பிப் பிழைத்து நிற்கிறது என்றுகூட எண்ணத் தோன்றும். ஆனால் நுழைவாயிலைக் கடந்து சிறிது தூரம் நடந்து, ஒரு மரத்தின் இலையைக் கூர்ந்து நோக்கி, அதனை அடுத்த மரத்தின் இலையோடு ஒப்பிட்டு, பின்னர் குனிந்து தரையில் முளைத்திருக்கும் கன்றுகளையும் கவனிக்கக் கற்றுக்கொண்டவர் அந்த எண்ணத்தைக் கைவிட நேரும். மேலே கிளை விரித்து நிற்கும் விருட்சங்கள் ஒரு சரித்திரத்தைச் சொல்ல, அவற்றின் காலடியில் நெருங்கி நிற்கும் கன்றுகள் வேறொரு சரித்திரத்தைச் சொல்கின்றன. இவ்விரண்டையும் வாசிப்பதற்கு வேண்டிய பயிற்சி கடினமானதன்று. அதற்குத் தாவர சாஸ்திரத்தில் பட்டம் பெற்றிருக்க வேண்டியதுமில்லை. இலையைப் பார்க்கும் பொறுமையும், எந்த லட்சணத்தை முதலில் பார்ப்பது என்ற ஒழுங்கும் இருந்தால் போதும்.

கலிபோர்னியாவின் பசிபிக் கரையோரத்து ரெட்வுட் வனங்களில் நடப்பவருக்கு இந்தக் காரியம் ஓரளவு எளிது. அங்கே 100 மீற்றருக்கும் மேலாக ஓங்கி வளரும் ஒரே ஜாதி ஊசியிலை விருட்சம் வனத்தின் உருவம் முழுவதையும் நிர்ணயித்துவிடுகிறது. அதன் நிழலில் வாழும் பன்னங்களிலும் பூண்டுகளிலும் முக்கியமானவற்றைச் சில நாட்பழக்கத்திலேயே மனத்தில் இருத்திவிடலாம். பூமத்திய ரேகையை அடுத்த ஈரமான பிரதேசங்களிலோ எந்த ஒரு ஜாதியும் இவ்வாறு தனியாட்சி செய்வது அபூர்வம். ஒரு கெக்குண மரத்தைக் கண்டபின் அடுத்த கெக்குணவைக் காண வெகுதூரம் நடக்க வேண்டியிருக்கும். இடையில் நிற்பவையெல்லாம் வேறு வேறு குலத்தைச் சேர்ந்தவை. இதற்குக் காரணமாக உயிரியல் அறிஞர்கள் கருதுவனவற்றுள் ஒன்று மிகவும் சிந்திக்கத் தக்கது. தாய்மரத்தையே உணவாகக் கொண்டு வாழும் பூச்சிகளும் பூஞ்சணங்களும் அதன் காலடியில் விழுந்த வித்துக்களையும் முளைகளையும் எளிதில் கண்டுபிடித்து அழித்துவிடுகின்றன. பறவையோ வௌவாலோ மரநாயோ தூரத்தே கொண்டுபோய் இட்ட வித்துத்தான் சத்துருக்களின் கண்ணில் படாமல் பிழைக்கிறது. ஆகவே தாயும் பிள்ளைகளும் பிரிந்து வாழ்வதே வெப்பவலய வனத்தின் சுபாவமாக அமைந்துவிட்டது. இந்த விதியை வாசகர் நினைவில் வைத்திருக்க வேண்டும்; கண்டி வனத்தைப் பற்றி நான் சொல்லப்போவதன் பெரும்பகுதி, அந்த விதிக்குக் கட்டுப்படாத சில மரங்களைப் பற்றியது.

இலங்கையில் இயற்கையாக வளரும் பூக்கும் தாவரங்கள் 3,000 ஜாதிகளுக்கு மேற்பட்டவை. அவற்றுள் காற்பங்குக்கும் அதிகமானவை உலகில் வேறெங்கும் காணப்படாதவை. இவ்வாறு இத்தீவுக்கே உரியவற்றுள் மிகப் பெரும்பாலானவை தென்மேற்கு ஈரவலயத்திலும் மத்திய மலைநாட்டிலும் செறிந்திருக்கின்றன. கண்டி இவ்விரண்டின் எல்லையில், தாழ்நிலத்து விருட்சங்களும் மலைநாட்டு விருட்சங்களும் கைகோத்து நிற்கும் உயரத்தில் அமைந்திருப்பதால், தாவரங்களை இனங்காணக் கற்பதற்கு இதனினும் வசதியான நகரம் இலங்கையில் இல்லை என்பது என் அபிப்பிராயம்.

உடவத்தகெலே, கண்டி மன்னர்களின் அரண்மனைக்கு மேலே அமைந்த இராஜ உத்தியானமாக இருந்தது. சாமானிய மக்கள் பிரவேசிக்கலாகாது என்று விலக்கப்பட்டிருந்ததால் தடைவனம் என்றும் அதைச் சொல்வர். 1815இல் கண்டி இராச்சியம் பிரித்தானியர் வசமான பிறகு, தேசாதிபதிகளின் மனைவியர் பெயரால் அதனூடே பாதைகள் அமைந்தன. அவற்றுள் முதன்மையான ஹோர்ட்டன் சீமாட்டி பாதை, 1831 முதல் 1837 வரை தேசாதிபதியாக இருந்த சேர் ரொபர்ட் வில்மட் ஹோர்ட்டனின் மனைவியை நினைவூட்டுவது. 1856இல் ஒதுக்கப்பட்ட வனமாகவும் 1938இல் சரணாலயமாகவும் பிரகடனம் செய்யப்பட்ட இவ்வனம் இன்று ஏறத்தாழ 104 ஹெக்டேயர் பரப்புடையது. அதன் உச்சி கடல் மட்டத்திலிருந்து 635 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. சுற்றிலும் வீடுகளும் விகாரைகளும் பாடசாலைகளும் வீதிகளும் நெருங்கிவிட்டமையால், ஒரு காலத்தில் மலைத்தொடர்களோடு இணைந்திருந்த காடு, இப்போது நகரக் கடலின் நடுவே ஒரு சிறு தீவாகிவிட்டது.

வனத்துக்குள் முதன்முதலாகச் செல்பவர் பெரும்பாலும் பூவையும் காயையும் தேடுவார். அது பலன் தராத பிரயாசை. உயர்ந்த விருட்சங்கள் ஆண்டில் சில வாரங்களே பூக்கும். பூத்தாலும் அப்பூக்கள் நம் தலைக்கு மேல் இருபது முப்பது மீற்றர் உயரத்தில் இருக்கும். எக்காலத்திலும் கைக்கெட்டுவது இலைதான். கிளையில் இல்லாவிட்டாலும் பாதையில் விழுந்து கிடக்கும். இலையிலும் முதலில் கவனிக்க வேண்டியது அதன் வடிவத்தையன்று, அது தண்டில் அமைந்திருக்கும் முறையை. இரண்டு இலைகள் ஒரே கணுவில் எதிரெதிராக நிற்கின்றனவா, ஒன்றுவிட்டு ஒன்றாக மாறி மாறி நிற்கின்றனவா, பல இலைகள் வட்டமாகச் சூழ்ந்து நிற்கின்றனவா என்று பார்த்தவுடனேயே, நம் முன்னே உள்ள சந்தேகத்தில் பாதிக்கு மேல் தீர்ந்துவிடும். இலையின் அளவும் வடிவமும் வெயிலுக்கும் நிழலுக்கும் வயதுக்கும் ஏற்ப மாறுவன. ஒரே மரத்தின் கன்றும் முதுமரமும் வெவ்வேறு வடிவ இலைகளைத் தாங்குவதுண்டு. இலை அமையும் முறையோ ஒரு குடும்பத்தின் ஆசாரம் போலத் தலைமுறை தலைமுறையாக மாறாமல் வருவது. அதன்பின் இலை தனியிலையா, பல சிற்றிலைகளாகப் பிரிந்த கூட்டிலையா என்பதையும், நரம்புகள் ஓடும் விதத்தையும், காம்பு முறிந்த இடத்தில் பால் வடிகிறதா, அதன் நிறம் என்ன என்பதையும், கசக்கினால் எழும் வாசனையையும் வரிசையாகப் பார்க்க வேண்டும்.

இந்த ஒழுங்கின் பயனை உணர்வதற்குக் கறுவாவைவிடச் சிறந்த பாடம் இல்லை. உலகத்து வணிகரையெல்லாம் இத்தீவுக்கு இழுத்து, போர்த்துக்கீசரையும் ஒல்லாந்தரையும் ஒருவரோடொருவர் போரிடச் செய்த இந்த மரம் இம்மண்ணுக்கே உரியது. கண்டியைச் சூழ்ந்த காடுகளில் நடுத்தர உயரமுள்ள மரமாக இன்றும் நிற்கிறது. அதன் இலையின் அடியிலிருந்து மூன்று நரம்புகள் தெளிவாகப் புறப்பட்டு நுனியை நோக்கி ஓடும்; இளந்தளிர் செந்நிறமாயிருக்கும்; இலைகள் பெரும்பாலும் எதிரெதிராக அமையும். மூன்று நரம்பைக் கண்டவுடன் கறுவா என்று தீர்மானித்துவிடலாமா என்றால், கூடாது. தவுல் குருந்து என்று சிங்களத்தில் வழங்கும் அதன் உறவின மரத்துக்கும் இதே மூன்று நரம்புண்டு. ஆயினும் அதன் இலைகள் எதிரெதிராக நில்லாமல் கிளை நுனியில் கொத்தாகச் சேர்ந்து நிற்கும், அடிப்புறம் வெண்சாம்பல் பூத்திருக்கும். சித்திரைப் புத்தாண்டுக்குச் சிங்கள வீடுகளில் ஆஸ்மி என்னும் பலகாரம் செய்வோர் இந்த மரத்தின் இலையைக் கசக்கிப் பெறும் வழுவழுப்பான சாற்றை மாவில் சேர்ப்பார்கள். ஆகவே சமையலறைக்கு இவ்விரு மரங்களின் பேதமும் நன்றாகத் தெரிந்ததே. கறுவா இலையைக் கசக்கி முகர்ந்தால் கறுவாப்பட்டையின் வாசனை வராது, கராம்பின் வாசனையே வரும். இலையில் மிகுந்திருப்பது யூஜினோல் என்னும் எண்ணெய். பட்டைக்கு மணம் தருவது சினமால்டிகைட்டு. வேரிலோ கற்பூரம் இருக்கிறது. ஒரே மரம் தன் உறுப்புக்கு உறுப்பு வெவ்வேறு இரசாயனங்களைச் செய்து வைத்துக்கொள்வது, ஒவ்வோர் உறுப்பையும் தாக்கும் சத்துருக்கள் வெவ்வேறாயிருப்பதை எண்ணினால் வியப்புக்குரியதன்று.

பால் வடியும் மரங்கள் இன்னொரு வகுப்பு. காம்பு முறிந்த இடத்தில் வெண்மையான பால் கசிந்து, இலை ஒரு முழத்துக்கு நீண்டு, ஓரங்கள் அலையலையாக நெளிந்திருந்தால் அது வல்தெல் என்னும் காட்டீரப்பலாவாக இருக்கலாம். பலாவுக்கும் ஈரப்பலாவுக்கும் நெருங்கிய உறவினதாகிய இவ்விருட்சம் இலங்கையன்றி வேறெங்கும் இல்லை. அதன் வித்தை வறுத்து உண்பதும் இந்நாட்டு வழக்கம். மஞ்சள் நிறப் பால் கசிந்து, தடித்த இலைகள் எதிரெதிராக அமைந்து, கிளைகள் கிடையாக நீண்டு தாழ்ந்திருந்தால் அது கொறுக்காய். மீன் கறிக்குப் புளிப்புச் சேர்க்கும் அதே கறுத்த கொறுக்காயின் தாய்மரம். கெக்குண மரமோ பால் வடியாது, அதன் பட்டையில் மணமுள்ள பிசின் கசியும், இலை கூட்டிலை, அடிமரம் பலகை பலகையாக விரிந்து நிலத்தை ஊன்றி நிற்கும். வித்தின் எண்ணெயை முற்காலத்தில் விளக்குக்கு இட்டதாகச் சொல்வார்கள். இதுவும் இத்தீவுக்கே உரியது. தமிழர் நன்கறிந்த ஏழிலைப்பாலையும் இவ்வனப் பிரதேசத்தின் சுதேசிதான். அதன் கணுவைச் சூழ்ந்து ஏழு இலைகள் வட்டமாக நிற்பது வழக்கம். அதே குலத்தில் பிறந்து மலாயா தேசங்களிலிருந்து வந்த ஹவரி நுக என்னும் மரத்துக்கு மூன்று நான்கு இலைகளே ஒரு கணுவில் நிற்கும், அவை நீண்டு பெரியவையாயும் இருக்கும். இன்று பாழ்நிலங்களிலும் வீதியோரங்களிலும் வேகமாகப் பரவிவருவது இந்த இரண்டாவது மரமே. ஆகவே இலையை எண்ணத் தெரிந்தவருக்கே வீட்டுக்காரர் யார், விருந்தாளி யார் என்பது தெரியும்.

இலங்கையின் தேசிய விருட்சமாக 1986இல் அறிவிக்கப்பட்ட நாகமரத்தின் தளிரைக் கண்டிருப்பவர்கள், இலை ஏன் பச்சையாகப் பிறவாமல் சிவப்பாகப் பிறக்கிறது என்று நிச்சயமாகக் கேட்டிருப்பார்கள். முழு மரமும் தீப்பற்றியது போலச் செந்தளிர் விட்டு, சில வாரங்களில் அத்தளிர்கள் ஒவ்வொன்றும் வெளிறிப் பின்னர் கரும்பச்சையாகி, அடிப்புறத்தில் வெண்மெழுகு பூத்து முதிரும். தளிர்ப்பருவத்து இலை மெதுவானது, சத்து மிகுந்தது, தன்னைக் காத்துக்கொள்ளும் கடினமோ நஞ்சோ இன்னும் பெறாதது. பூச்சிகளுக்கு அதனினும் இனிய உணவு வேறில்லை. அப்பருவத்திலேயே விலையுயர்ந்த பச்சையத்தையும் புரதத்தையும் அதில் நிறைத்துவிட்டால், தின்னப்படும் ஒவ்வோர் இலையோடும் மரம் பெரு நஷ்டம் அடையும். ஆகையால் இலை கடினப்படும் வரையில் பச்சையத்தைச் சேர்க்காமல் தாமதிப்பதே மரத்துக்கு இலாபம் என்று கருதப்படுகிறது. அந்தோசயனின் என்னும் செந்நிறப் பொருள் அந்த இடைக்காலத்தில் கடும் வெயிலிலிருந்தும் பூஞ்சணங்களிலிருந்தும் தளிரைக் காக்கிறது என்றும் சொல்கிறார்கள். கறுவாவும் நாகமும் வேறு வேறு குடும்பங்களைச் சேர்ந்தவையாயினும், ஒரே சிக்கலுக்கு ஒரே பரிகாரத்தைத் தனித்தனியே கண்டுபிடித்திருக்கின்றன. இவ்வாறே பல குடும்பத்து இலைகளும் நுனியில் வால் போல நீண்டிருப்பதையும் காணலாம். இரண்டு பருவ மழைகளையும் பெறும் இப்பிரதேசத்தில் இலைமேல் தேங்கும் நீர் அந்த நுனி வழியாக விரைவில் வடிந்துவிடுவதால், பாசியும் பூஞ்சணமும் பற்றுவது குறைகிறது என்பது பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம்.

பனைக் குடும்பத்தில் ஒரு விருட்சத்தை எவரும் பிறிதொன்றோடு மயங்க மாட்டார்கள். அது கித்துள். மற்றப் பனைகளின் ஓலை ஒருமுறை பிரிய, கித்துளின் ஓலை இருமுறை பிரிந்து, ஒவ்வொரு சிற்றிலையும் மீனின் வாலைப் போல நுனி கிழிந்து நிற்கும். பனைக் குடும்பம் முழுவதிலும் இவ்வாறு இருமுறை பிரியும் ஓலை கித்துளின் குலத்துக்கே உரிய விசேஷம். அதன் வாழ்க்கை வரலாறு இலையைவிட அதிசயமானது. பல ஆண்டுகள் பூவாமல் வளர்ந்து, தன் அடிமரத்தில் மாச்சத்தை நிரப்பி வைத்து, உயரம் போதுமென்றானபின் உச்சியில் முதற்பாளையை விடும். அதன்பின் ஒவ்வொரு பாளையும் முந்தியதற்குக் கீழேயுள்ள கணுவில் தோன்றும். உச்சியிலிருந்து அடியை நோக்கிப் பூத்திறங்கிக் கடைசிப் பாளை காய்த்து முடிந்ததும் மரம் மடிந்துவிடும். பாளையைச் சீவிக் கித்துள் பாணியும் கருப்பட்டியும் காய்ச்சும் தொழிலாளி, மரம் தன் சந்ததிக்கெனத் திரட்டி வைத்த அந்த மாச்சத்து சர்க்கரையாகி மேலேறும் வழியில்தான் முட்டியைக் கட்டுகிறார். பழத்தின் சதையில் ஊசி போன்ற ஒக்சலேற்றுப் படிகங்கள் இருப்பதால் மனிதர் கையில் பட்டால் கடுமையாக அரிக்கும். மரநாயோ அதைத் தடையின்றி உண்டு வித்தை வழியெங்கும் விதைத்துச் செல்லும். கண்டி நகரத்து வீட்டுக் கூரைகளின் அருகிலும் யாரும் நடாமலே கித்துள் கன்று முளைப்பதற்கு இதுவே காரணம். தாய்க்கும் பிள்ளைக்கும் இடையே தூரம் வேண்டும் என்ற விதியை ஒரு மிருகத்தின் துணையால் நிறைவேற்றும் விருட்சம் அது.

உடவத்தகெலேயில் எல்லோரும் நின்று பார்க்கும் பூஸ்வெல என்னும் பெருங்கொடி, முறுக்கேறிய பருத்த தண்டோடு பாதையோரத்தில் வளைந்து வளைந்து உச்சியை அடைகிறது. அதுவும் சுதேசிதான், அவரைக் குடும்பத்தைச் சேர்ந்தது, அதன் காய் ஒரு மீற்றருக்கும் மேல் நீளும், வித்து நம் உள்ளங்கையை நிறைக்கும். விருட்சம் உயர்வதற்காகத் தன்னைத்தானே தாங்கும் கனமான மரத்தைச் செய்ய வேண்டும். கொடியோ அந்தச் செலவைப் பிறர்மீது சுமத்திவிட்டு, மீந்த சத்தை இலைக்கும் நீளத்துக்கும் செலவிடுகிறது. மெல்லிய தண்டின் வழியாக அத்தனை இலைகளுக்கும் நீர் அனுப்ப வேண்டியிருப்பதால், கொடிகளின் நீர்க்குழாய்கள் மரங்களினுடையவற்றைக் காட்டிலும் அகன்றவை. காட்டில் பெருங்கொடிகள் இருப்பது அக்காட்டின் வயதுக்கு ஒரு சாட்சியாகும்.

கொடிகளைப் பற்றிய பேச்சில்தான் இவ்வனத்தின் துயரம் தொடங்குகிறது. மரத்தோடு ஒட்டி ஏறும் பொத்தஸ் என்னும் சுதேசக் கொடி ஒன்றுண்டு; அதன் இலைக்காம்பு இலையைப் போலவே அகன்றிருப்பதால், ஓர் இலையின் நுனியில் இன்னோர் இலை முளைத்தது போலத் தோன்றும். அதே சேம்புக் குடும்பத்தைச் சேர்ந்ததும், நம் வீடுகளில் போத்தல் தண்ணீரில் வளர்ப்பதுமான மணி பிளான்ட், பசிபிக் சமுத்திரத்திலுள்ள மோரியா தீவைத் தாயகமாகக் கொண்டது. போத்தலில் சிறு இதய வடிவ இலை விடும் அச்செடி, வனத்தில் ஒரு பெருமரத்தைப் பற்றி ஏறத் தொடங்கியதும் முதிர்ந்த பருவத்தை அடைந்து, முழ நீளமுள்ள, ஓரம் கிழிந்த இலைகளை விடுகிறது. அது தொட்டியிலிருந்த அதே செடி என்று சொன்னால் பலர் நம்ப மாட்டார்கள். அது பூப்பது மிக அபூர்வம். கிபரலின் என்னும் வளர்ச்சி ஹோர்மோனை வேண்டிய அளவு செய்ய இயலாத குறைபாடு அதன் பரம்பரையிலேயே இருப்பதை ஆராய்ச்சியாளர்கள் கண்டிருக்கிறார்கள். பூவும் வித்தும் இல்லாத ஒரு செடி காட்டை எவ்வாறு கைப்பற்றும்? ஒரு கணுவுள்ள துண்டு விழுந்தாலும் வேரூன்றும் வலிமையினால்தான். தோட்டத்தைச் சுத்தம் செய்து வெட்டிய கொடிகளைக் காட்டோரத்தில் கொட்டுபவர் அறியாமலே அதற்கு விதைப்பவராகிறார். இன்று இவ்வனத்தின் பல இடங்களில் அது நிலத்தைப் பாயாக மூடி, மரங்களின் அடியையும் போர்த்தி நிற்கிறது; அதனடியில் வேறெந்த முளையும் ஒளியைக் காண முடியாது.

அதனினும் கவலைக்குரியவை இரண்டு விருட்சங்கள். ஒன்று மஹோகனி, மற்றொன்று, கட்ட குமஞ்சல் என்று சிங்களத்தில் வழங்கும் மைரொக்சிலன். இரண்டும் அமெரிக்கக் கண்டத்து வெப்பவலயத்தைச் சேர்ந்தவை. முன்னது மரத்துக்காகவும், பின்னது மருந்துப் பிசினுக்குப் பெயர்பெற்ற இனமென்றும் உலகெங்கும் கொண்டு செல்லப்பட்டவை. இவற்றை இனங்காண்பது கடினமன்று. மஹோகனியின் கூட்டிலையில் சிற்றிலைகள் எதிரெதிராக, இரட்டைப்படையாக நிற்கும். நுனியில் தனியிலை இராது. ஒவ்வொரு சிற்றிலையின் இரு பாதிகளும் சமமாக இரா. மைரொக்சிலனின் சிற்றிலைகள் மாறி மாறி நின்று நுனியில் ஒன்று தனித்து முடியும். அவற்றில் ஒன்றை எடுத்து வானத்தின் ஒளிக்கு எதிரே பிடித்துப் பார்த்தால், ஊசியால் குத்தியது போலவும் கீறியது போலவும் ஒளி ஊடுருவும் நுண்ணிய புள்ளிகளும் கோடுகளும் தெரியும். இவ்வனத்தில் குழந்தைகளுக்குக் காட்டுவதற்கு இதைவிட நிச்சயமான அடையாளம் வேறொன்றை நான் அறியேன். இரண்டின் வித்துக்களுக்கும் சிறகுண்டு. காற்றில் சுழன்று விழும்.

இப்போது முன்னர்ச் சொன்ன விதியை நினைவுகூர வேண்டும். மைரொக்சிலன் மரமொன்றின் கீழே தரையைப் பார்த்தால், தாயின் காலடியிலேயே அதன் கன்றுகள் பயிர் விதைத்த நிலம் போல நெருங்கி நிற்பதைக் காணலாம். நிழலையும் அவை பொருட்படுத்துவதில்லை. சொந்த நாட்டில் இம்மரத்தைத் தேடித் தின்னும் பூச்சிகளும் பூஞ்சணங்களும் கடல் கடந்து கூட வரவில்லை. ஆகவே தாயருகே பிள்ளை வாழலாகாது என்ற வெப்பவலய நியாயம் இங்கே அதற்குச் செல்லாமற் போயிற்று. மறுபுறத்தில், சுதேச விருட்சங்களுள் பல தம் பெரிய வித்துக்களைப் பரப்புவதற்குப் பறவைகளையும் மிருகங்களையும் நம்பியிருப்பவை. நகரத்தால் சூழப்பட்டுத் தனித்துவிட்ட வனத்துக்குள் அத்துணைவர்கள் மலைக்காடுகளிலிருந்து தாராளமாக வந்துபோவதற்கு வழியில்லை. ஒருபுறம் தடையற்ற வளர்ச்சி, மறுபுறம் துணையற்ற தளர்ச்சி. மேலே வல்தெல்லும் கெக்குணவும் நாகமும் நிற்க, கீழே அவற்றின் இடத்தை நிரப்பக் காத்திருப்பவை அந்நிய விருட்சங்களின் பிள்ளைகளாயிருந்தால், தூரத்தில் நின்று பார்ப்பவருக்கு இன்னும் நூறு ஆண்டு கழித்தும் அதே பசுமை தெரியும். ஆனால் வனம் வேறாகிவிட்டிருக்கும். பசுமையை மட்டும் பார்த்துத் திருப்தியடையும் கண் இந்த நஷ்டத்தைக் கண்டுபிடிக்கவே முடியாது என்பதுதான் என்னை வருத்துகிறது.

இந்த இருமுகமான சரித்திரத்தில் பேராதனைத் தோட்டத்துக்கும் பங்குண்டு. அலெக்சாண்டர் மூன் 1821இல் அதை நிறுவி, 1824இலேயே இலங்கைத் தாவரங்களின் பெயரட்டவணை ஒன்றை, சிங்களப் பெயர்களையும் சேர்த்து வெளியிட்டார். அவருக்கு முன்னரே, 17ஆம் நூற்றாண்டில் ஒல்லாந்தரின் வைத்தியராக இங்கு வந்த பவுல் ஹெர்மான் உலர்த்திச் சேகரித்த தாவரங்களை வைத்து லின்னேயஸ் 1747இல் இலங்கைத் தாவரங்களைப் பற்றிய நூலை எழுதினார். பேராதனையில் 1849 முதல் 1880 வரை தலைமை வகித்த த்வைட்ஸ், பின்னர் வந்த ஹென்றி ட்ரைமன் ஆகியோரின் நூல்களே இன்றுவரை இத்துறைக்கு அடித்தளம். 1893இல் வெளிவரத் தொடங்கிய தம் பெருநூல் முற்றுப்பெறுவதைக் காணாமலே ட்ரைமன் மறைந்தார். அந்நூல்களுக்கு ஆதாரமாக ஆயிரக்கணக்கான சித்திரங்களைத் தீட்டியவர்கள் த அல்விஸ் குடும்பத்துச் சிங்களச் சித்திரக்காரர்கள். நரம்பு நரம்பாக அவர்கள் பார்த்த இலையைத்தான் உலகத்துத் தாவர சாஸ்திரிகள் பார்த்தார்கள் என்பதை மறக்கக் கூடாது. ஆயினும் சுதேசத் தாவரங்களுக்குப் பெயரிட்ட அதே தோட்டம், அழகுக்காகவும் பயனுக்காகவும் அந்நியச் செடிகளை வரவழைக்கும் வாயிலாகவும் இருந்தது. பெரிய இலையின் அடிப்புறம் ஊதா நிறமாக விளங்கும் மைக்கோனியா 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அழகுச்செடியாக அங்கு வந்து, பின்னர் கண்டியைச் சூழ்ந்த ஈரமான சரிவுகளில் இறங்கிப் பரவியது. 1937இல் தஹீத்தித் தீவில் நடப்பட்ட அதே செடி அத்தீவின் பெரும்பகுதியையே மூடிவிட்டது.

அதே 19ஆம் நூற்றாண்டில்தான் கண்டி மலைகளின் காடுகள் கோப்பிக்காக அழிக்கப்பட்டன. 1869இல் இலைத்துரு நோய் தோன்றிக் கோப்பியை வீழ்த்த, 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் பயிரிட்ட தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. அத்தோட்டங்களுக்காகத் தமிழகத்திலிருந்து மன்னார் வழியாகக் கால்நடையாக அழைத்து வரப்பட்ட மக்களின் சந்ததியாரே இன்றைய மலையகத் தமிழர். இதை இங்கே சொல்வதற்குக் காரணம் உண்டு. சுதேசம், அந்நியம் என்ற சொற்களை நான் தாவரங்களுக்கு மட்டுமே வழங்குகிறேன். ஒரு செடியின் சத்துருக்கள் அதனோடு வந்தனவா இல்லையா என்ற உயிரியல் வினாவுக்குத்தான் அவை விடை. மனிதர்மீது அச்சொற்களை ஏவியதால் இந்நாடு அனுபவித்த துன்பம் போதும். தாவரங்களிலும் வந்தவை யாவும் கெடுதி செய்வனவல்ல. நம் மலைகளில் தேயிலை தானாகக் காட்டுக்குள் புகுந்து பரவுவதில்லை.

ரெட்வுட் வனத்தைப் போல ஊசியிலை நிழலில் நடக்க விரும்பும் இளைஞர்கள் கண்டியில் ஹந்தானைக்குப் போகிறார்கள். அங்குள்ள கரிபியன் பைன் மரங்கள் நடப்பட்டவை. இத்தீவுக்குச் சுதேசமான ஊசியிலை மரம் ஒன்றுமே இல்லை. பைன் தோப்புக்குள் உதிர்ந்த ஊசிகள் மெத்தை போலக் கிடக்கும், செடிகொடிகள் சொற்பம். எனினும் சிங்கராஜ வனத்தின் விளிம்பில் இதே பைன் மரங்களுக்கிடையே இடைவெளி உண்டாக்கிச் சுதேச விருட்சங்களின் கன்றுகளை நட்டு வளர்த்த பரிசோதனைகள் நல்ல பலன் தந்திருக்கின்றன. வெயிலைத் தாங்காத அக்கன்றுகளுக்குப் பைன் நிழல் செவிலித்தாயாக உதவிற்று. ரெட்வுட் மரங்கள் கோடையில் கடற்பனியைத் தம் இலைகளில் பிடித்து நீராகச் சொட்டச் செய்வது போன்ற காட்சியைக் காண விரும்புவோர், ஹந்தானைக்குப் பதிலாக நக்கிள்ஸ் மலைத்தொடரின் உயர்ந்த முகடுகளுக்குச் செல்ல வேண்டும். காற்றில் குறுகிய அம்மரங்களின் கிளைகளில் தொங்கும் பாசிகளே அங்கே மேகத்தை வடிகட்டுகின்றன. அம்மலையின் சரிவுகளில் காட்டின் கீழ்த்தளத்தை அகற்றி ஏலம் பயிரிட்ட இடங்களில், மேலே முதுமரம் நிற்கக் கீழே அதன் பிள்ளைகள் இல்லாத அதே குறையை வேறொரு காரணத்தால் காணலாம்.

உடவத்தகெலேக்குச் செல்ல விரும்புவோருக்கு ஓரிரு யோசனைகள். மழைக்காலத்தில் அட்டைகள் உண்டு. கால்களை நன்கு மூடிச் செல்வது உத்தமம். சரணாலயத்தில் எதையும் பறித்தலாகாது. அதற்குத் தேவையும் இல்லை, ஏனெனில் பாதையில் விழுந்த இலையே போதும். உருப்பெருக்கும் சிறு வில்லை ஒன்று கையில் இருக்கட்டும். காட்டின் ஓரத்திலே ஒளி விழும் இடைவெளிகளில் இலையின் நடுவே காம்பு பொருந்திய வட்டக்கண்ணியைக் காண்பீர்கள். ஹலப்ப என்னும் பலகாரத்தைப் பொதிந்து அவிக்கும் கெந்த இலை அதுவே. மரம் விழுந்த இடத்தை முதலில் மூடி, பின்னால் வரும் நிழல்விரும்பிகளுக்கு வழிவிடும் சுதேசி. முதுமரங்களின் கிளைகளில் பழுப்பும் பச்சையுமாக இருவகை இலையோடு ஒட்டியிருக்கும் பன்னம், தமிழ்நாட்டில் முடவாட்டுக்கால் என்று சந்தையில் விற்கும் அதே தாவரம். பழுப்பிலை உதிரும் சருகைத் தாங்கி எருவாக்க, பச்சையிலை உணவு செய்யும். சந்தேகம் நீங்காத இலையைச் சித்திரமாக வரைந்தோ படம் பிடித்தோ பேராதனையிலுள்ள தேசிய உலர்தாவரக் களஞ்சியத்தின் மாதிரிகளோடு ஒப்பிடலாம்.

ஒரு முதுமரத்தை இனங்கண்டதும் நடையைத் தொடராமல் அதன் அடியைச் சுற்றிலும் பார்த்து, அங்கு முளைத்திருக்கும் கன்றுகளுள் எத்தனை ஜாதிகள் இருக்கின்றன என்று எண்ணிப் பார்க்க வேண்டும். விரலளவு உயரமுள்ள மைரொக்சிலன் கன்றை இரண்டு விரல்களால் வேரோடு எடுத்துவிடலாம். ஐந்தாறு ஆண்டு சென்றபின் அதற்கு வாளும் ஆளும் வேண்டும். முதிர்ந்து வித்திடத் தொடங்கியபின்னோ அந்த வேலைக்கு முடிவே இராது. அவ்வேலையைச் செய்ய உரிமை பெற்ற வன ஊழியருக்கும், அவர்களோடு சேர்ந்து உழைக்க முன்வரும் மாணவருக்கும் முதலில் வேண்டியது, எடுக்க வேண்டிய கன்று எது, விட வேண்டிய கன்று எது என்று ஐயமின்றிச் சொல்லும் கண்; ஏனெனில் அதே நிழலில், அதே அளவில், கூட்டிலையோடு நிற்கும் இன்னொரு கன்று கெக்குணவாக இருக்கக்கூடும்.